கிணற்றடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு

லிங்கநகரில் நாங்கள் இருந்த காலத்தில் ஊரில் எவரும் மூலிகை வளர்த்ததாக நினைவில்லை. மாரி பிறந்தால் அது தானே முளைத்தது. வேலியில் முசுட்டை படர்ந்தது, முடக்கொத்தான் ஏறியது. முற்றத்து ஓரங்களில் கீழ்காய்நெல்லியும் குப்பைமேனியும் சாரணையும் வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்களுக்கு இருந்த வேலை அவற்றைப் பிடுங்கி எறிவது. எறிந்ததில் பாதியை அம்மா பொறுக்கிக் குசினிக்குக் கொண்டுபோவா. இன்று வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி பல்கனியில், கறிவேப்பிலைச் சாடியின் ஓரமாக ஒரு கீழ்காய்நெல்லி முளைத்தால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

லிங்கநகர் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய குடியிருப்பு. துறைமுகத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. போத்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் அதற்காக அடிபட்டார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு சாதாரண வளவில், ஒரு கிணற்றடி எப்படி இயங்கியது என்பதை எழுதி வைத்தவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் படுகிறது.

குளிக்கிற தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் கிணற்றடிச் சீமெந்திலிருந்து ஒரு சின்ன வாய்க்காலால் வாழைக்குப் போகும். அந்த வாய்க்காலின் இரண்டு கரையிலும் வல்லாரையும் பொன்னாங்காணியும். வாழையின் நிழலில் ரம்பை. குசினி யன்னலுக்கு நேர் வெளியே கறிவேப்பிலை. அரிசி கழுவிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் யன்னலாலேயே அதன் அடிக்குப் போகும். பூவரசும் முள்முருக்கும் கொட்டிய சருகு வேலியோரம் குவிந்து அங்கேயே உக்கும். அதற்குள் தூதுவளை முள்ளோடு எழும்பி நிற்கும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. நாலு பேர் குளித்தார்கள், வல்லாரை வாழ்ந்தது.

ஆனால் அது எப்போதும் பச்சையாக இருந்த இடமுமில்லை. திருகோணமலைக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான். வைகாசி பிறந்தால் கச்சான் தொடங்கிவிடும். மேற்கிலிருந்து வருகிற அந்தச் சுடுகாற்று வாழையிலையைக் கிழிக்கும், துளசியைச் சுருட்டும், முற்றத்துப் புழுதியைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டில் போடும். கிணற்றுத் தண்ணீர் இறங்கும். இறங்க இறங்க உவர்க்கும். ஆவணி வரைக்கும் முற்றத்தில் ஒரு கீரை இராது. ஆனாலும் எவரும் கவலைப்பட்டதில்லை. விதை மண்ணுக்குள் கிடந்தது. வல்லாரையின் வேரும் கிடந்தது. ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஒரு கிழமைக்குள் வேலியடி முழுக்க முளை.

தை, மாசியில் இலைக்கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, மிளகு, சீரகம். இலைகளோ வளவில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அது. முசுட்டை, முல்லை, முடக்கொத்தான், வல்லாரை, இரண்டு முள்முருக்கங் கொழுந்து. எங்களிடம் முல்லை இல்லாவிட்டால் பக்கத்து வளவில் இருக்கும். அவர்களுக்கு முசுட்டை இல்லாவிட்டால் எங்கள் வேலியால் கையை விட்டுப் பறிப்பார்கள். இலைக்கு விலை சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்தியச் சாப்பாட்டுக்கு ஏதாவது தேவையென்றால் மூன்று ஒழுங்கை தாண்டியும் ஆள் வரும், எடுத்துக்கொண்டு போகும். ஒரு தடிமனுக்குக் கடைக்குப் போவதென்பது அங்கே நடக்காத காரியம். கற்பூரவள்ளி இலையை நெருப்பணலில் வாட்டிப் பிழிந்து தேனோடு தருவார்கள், வேலை முடிந்தது.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. நாங்களும் வெளிக்கிட்டோம். முகாமில் இருந்த காலத்தைப் பற்றி இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். நிவாரணத்தில் கிடைத்த பால்மாத் தகரங்களை வெறுமையானதும் எறியாமல், அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பெண்கள் அவற்றுக்குள் கற்பூரவள்ளித் தண்டு ஊன்றினார்கள். சாடியில் மருந்துச்செடி வளர்வதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அந்தத் தகரங்கள் அழகுக்கு வைத்தவை அல்ல. கூடாரத்துக்குள் இருமுகிற பிள்ளைகள் இருந்தார்கள்.

பிறகு கொழும்பு. வடக்கு கிழக்கிலிருந்து வந்த பலரையும் போல வெள்ளவத்தை. முதலில் யன்னல் ஒன்று மட்டும் இருந்த வாடகை அனெக்ஸ். பல வருடங்களுக்குப் பிறகு இந்த மாடிவீடு. அனெக்ஸ் காலத்தில் சந்தையில் வல்லாரையைக் கட்டாக வாங்கிவந்து அம்மா முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பா. "தண்ணிக்குள்ள வளர்ந்த வல்லாரை பிள்ளை, இதில என்ன வாசம் இருக்கு?" என்று கேட்டபடியே சம்பல் அரைப்பா. உண்மைதான். கொழும்பைச் சுற்றியுள்ள ஈரவயல்களில் கிடுகிடுவென்று வளர்கிற வல்லாரையின் இலை பெரிது, தண்டு நீளம். எங்கள் வாய்க்கால் கரையில் வெயிலில் வாடிவாடி நின்றதன் இலை சின்னது. கைப்பு அதிகம், வாசமும் அதிகம்.

பல்கனி கிடைத்ததும், ஒரு சாடி வாங்கி, மண் போட்டு, நட்டால் சரி என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். லிங்கநகரில் மண்ணும் கிணற்றடியும் வேலியும் சேர்ந்து செய்த வேலைகளை இங்கே ஒவ்வொன்றாக மனிதர் எடுத்துச் செய்ய வேண்டும். முதலாவது வெயில். அதைக்கூட நாங்களே பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும்.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி, கிழக்கு மேற்காக ஓடுகின்றன. ஆகவே மாடிகளின் பல்கனிகள் பெரும்பாலும் வடக்கையோ தெற்கையோ பார்க்கின்றன. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆவணி வரைக்கும் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே போகும். எங்கள் பல்கனி தெற்குப் பார்த்தது. மார்கழியில் சூரியன் நன்றாகச் சாய்ந்து நடுச்சுவர் வரைக்கும் உள்ளே வருகிறது; ஆனியில் ஒரு கதிர் கூட நிலத்தைத் தொடுவதில்லை. ஆகவே துளசியும் தூதுவளையும் எங்களிடம் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை நன்றாக இருக்கும். ஆனி, ஆடியில் ரம்பையும் வல்லாரையும்தான் ஆளும். வடக்குப் பார்த்த பல்கனிக்காரருக்கு இது தலைகீழ். செடி வாங்கும் முன் ஒரு வருடம் தங்கள் பல்கனியில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு வருடம் பொறுக்க எவருக்கும் மனமில்லை. குறைந்தது ஆனியிலும் மார்கழியிலும் ஒவ்வொரு நாளாவது பாருங்கள்.

இரண்டாவது காற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை எங்கள் பல்கனியை அறைகிற தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வருகிறது. உப்பும் ஈரமும் கொண்டுவருகிறது. அதே காற்றுத்தான் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி, திருகோணமலையில் கச்சானாக வீசுகிறது. சின்ன வயதில் கச்சானை மாத்திரமே அறிந்திருந்தேன். அது தீவைக் கடக்கும் முன் எப்படி இருந்தது என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. அங்கே அது செடியைக் காயவைத்துக் கொன்றது. இங்கே உப்பை அப்பிக் கொல்கிறது. கறிவேப்பிலையின் இலை நுனி முதலில் பழுப்பாகும். காற்று உரத்த நாட்களில் மாலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட வேண்டும். தடித்த இலைக்காரர்களான கற்பூரவள்ளி, கற்றாழை, தண்டாலேயே வாழ்கிற பிரண்டை மூன்றும் அசைவதில்லை; அவற்றைக் கடற்பக்கம் வரிசையாக வைத்தால் பின்னாலிருப்பவற்றுக்கு அவையே வேலி.

மூன்றாவது மண். நனைந்த மண்ணோடு 10 லீற்றர் சாடி ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. அப்படி இருபது சாடி வைத்தால் பல்கனித் தட்டில் 300 கிலோ. ஆகவே மண்ணைக் குறைத்துத் தும்புச்சோறு கலக்கிறோம். தென்னந்தும்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற இந்தத் தூளை இலங்கை கட்டிகளாக அழுத்தி உலகம் முழுக்க அனுப்புகிறது; ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் தக்காளி இதிலும் வளர்கிறது. இலேசானது, தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் கழுவாமல் பாவித்தால் அதிலிருக்கிற உப்பு இளம் வேரை எரிக்கும். வாளியில் ஊறவிட்டுப் பிழிந்து, திரும்ப ஊறவிட்டுப் பிழிந்துதான் எடுக்க வேண்டும். அதற்குத் தானாக ஊட்டமும் கிடையாது. ஒரு பங்கு மண், ஒரு பங்கு தும்புச்சோறு, ஒரு பங்கு கூட்டெரு என்பதுதான் எங்களுக்குச் சரிவந்த அளவு. கூட்டெருவுக்கு மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும், கீழே ஒழுங்கையில் கூட்டி அள்ளுகிற சருகும். சருகை லிப்டில் மேலே கொண்டுபோவதைப் பார்த்த காவலாளி ஐயா இப்போது தானே ஒரு பையில் சேர்த்து வைத்துத் தருகிறார்.

தண்ணீரில்தான் கிணற்றடியை அதிகம் நினைக்கிறேன். சாடிக்குத் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கும்; தட்டு வைக்காவிட்டால் கீழ்வீட்டுக்காரரின் துவாயில் சொட்டும். தேங்கினால் நுளம்பு. இது சும்மா பயமில்லை. 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான். அதில் ஒரு தப்பும் இல்லை, பார்க்கத்தான் வேண்டும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். தட்டில் மணல் நிரப்பி அதன்மேல் சாடியை வைத்தால் ஈரம் இருக்கும், தேங்கிய நீர் இராது. அரிசி கழுவிய தண்ணீரை இன்றும் கறிவேப்பிலைக்குத்தான் ஊற்றுகிறோம். மீன் தண்ணீர் மட்டும் முடியாது; மாடியில் மணம் எல்லாருடையதுமாகி விடும்.

கறிவேப்பிலைக்கு ஆழம் வேண்டும். சின்னச் சாடியில் அது வளராமல் பூத்துக் காய்த்து நிற்கும். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் கிளைக்கும், பூ மொட்டையும் கிள்ள வேண்டும். ஒருநாள் அதில் பச்சைப் புழுக்கள். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடுகிற வண்ணத்துப்பூச்சியின் புழு. ஐந்தாம் மாடியில், வாகனப் புகைக்கும் கடலுக்கும் நடுவில், ஒரேயொரு கறிவேப்பிலையை அது எப்படிக் கண்டுபிடித்ததோ. அம்மா அவற்றை எடுக்க விடவில்லை. "அதுகளும் வந்திட்டுதுகள், இருக்கட்டும்" என்றா. அந்த மாதம் கறிவேப்பிலை கடையில் வாங்கினோம்.

எங்கள் ரம்பை லிங்கநகர் ரம்பை. 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகு அம்மாவும் நானும் வளவைப் பார்க்கப் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் சருகு. கறிவேப்பிலை நின்ற இடம் தெரியவில்லை. வாழையும் இல்லை. ரம்பை மட்டும் கிணற்றடிச் சீமெந்தைச் சுற்றி இடுப்பளவுக்குப் புதராகி நின்றது. தண்ணீர் அள்ள ஆளில்லாத பன்னிரண்டு கச்சானை அது மாரி ஈரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தாண்டியிருக்கிறது. ரம்பை விதை போட்டுப் பரவுவதில்லை. ஒரு கை பிரித்து இன்னொரு கை நட்டால்தான் அது இடம் மாறும். அம்மா அடியில் கிளைத்த குட்டிகளை வேரோடு பிரித்து, நனைத்த பத்திரிகைத் தாளில் சுற்றி, இராத்திரி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தா. இப்போது எங்கள் ஒழுங்கையில் ரம்பை வைத்திருக்கிற பல வீடுகளில் இருப்பது அதன் பிள்ளைகள்.

அந்த ஒழுங்கைக் கொடுக்கல் வாங்கல் சும்மா தொடங்கவில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. கொழும்பில் அது மே 26 வரை நீடித்தது. காலி வீதியில் ஒரு வாகனம் இல்லை. பல்கனியிலிருந்து கடலிரைச்சல் துல்லியமாகக் கேட்டது. கீழ்மாடியில் பருத்தித்துறை அன்ரி ஒருவர், மேல்மாடியில் அக்கரைப்பற்றுக் குடும்பம். அதுவரை லிப்டில் சிரித்ததோடு சரி. ஒரு காலை மேலிருந்து ஒரு கயிற்றில் பை இறங்கியது, உள்ளே இஞ்சி. "ராத்தா கற்பூரவள்ளி ரெண்டு இலை கேட்டவ" என்று மேலே இருந்து பிள்ளையின் குரல். நாங்கள் இலையோடு வல்லாரையும் வைத்து அனுப்பினோம். கீழே அன்ரிக்குக் கறிவேப்பிலை இறங்கியது. மறுநாள் அன்ரியிடமிருந்து மோர்மிளகாய் ஏறியது. முப்பது வருடத்துக்குப் பிறகு, விலை பேசாமல் இலை கைமாறுவதை நான் அன்றுதான் திரும்பக் கண்டேன். வேலி நிலைகுத்தாக நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருடமே மஞ்சள் பிரச்சினை. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். நோய்க் காலத்தில் எல்லாருக்கும் மஞ்சள் வேண்டியிருந்தது. கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போனது. இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னார்ப் பக்கம் வள்ளத்தில் கடத்தி வந்த மஞ்சளை மூட்டை மூட்டையாகக் கடற்படை பிடித்தது. மஞ்சள் சாடிக்குப் பொருத்தமான பயிர். அகலமான சாடி, பாதி நிழல், சித்திரையில் முளைவிட்ட கிழங்குத் துண்டு. எட்டு ஒன்பது மாதத்தில் இலை பழுத்துச் சாய்ந்ததும் சாடியைக் கவிழ்த்தால் கிழங்கு. எங்கள் கட்டடத்தில் அடுத்த தைப்பொங்கலுக்குப் பானையில் கட்டிய மஞ்சள் இலையும் கொத்தும் ஆறாம் மாடிச் சாடியில் விளைந்தவை.

அதே காலத்தில்தான், 2020 டிசெம்பரில், கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி கொரோனாவைத் தீர்க்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கான சனம் முண்டியடித்து நின்றது. எனக்கு அதைப் பார்க்கக் கோபமும் துக்கமும் வந்தன. இலையில் நம்பிக்கை உள்ளவர்களையே அது வெட்கப்பட வைத்தது. அம்மாவுக்கு இதில் எல்லை தெளிவு. தடிமன், வயிற்றுப் பொருமல், அசதிக்கு வீட்டு இலை. காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் ஆஸ்பத்திரி. மஞ்சட்காமாலைக்குக் கீழ்காய்நெல்லியை நம்பி வீட்டில் படுத்திருந்தவர்களை அவ கண்டவ. நாட்டு மருந்து வேண்டுமென்றால் படித்தவர்களிடம் போகலாம். திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. பல்கனியில் விளைவது சாப்பாடு. அதை நாளாந்தம் சாப்பிடுவதால் வருகிற நன்மை போதும்.

2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்து, அதே வருடம் நவம்பரில் கைவிட்டார்கள். அதற்குள் வயல்கள் அடிபட்டுப்போயின. 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடியின் நடுவில், அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். எரிவாயு வரிசையில் நின்று களைத்தவர்கள் அந்த வெள்ளிக்கிழமையில் எந்த நிலத்தைக் கொத்துவது? மாடிவீடுகளில் இருந்தவர்களுக்குச் சாடி இருந்தது; பலருக்கு அதுவும் இல்லை. பல்கனி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. கறிவேப்பிலை, ரம்பை, வல்லாரை, கற்பூரவள்ளி, ஒரு பொன்னாங்காணிப் பெட்டி: கடைச் செலவில் கிழமைக்கு ஒரு சிறு தொகை மிஞ்சும். ஆனால் இரண்டு நாள் சந்தைக்குப் போக முடியாத வீட்டில் சோற்றுக்கு ஒரு பச்சைச் சம்பல் இருக்கும். அந்த வருடம் அது சின்ன விசயமாக இருக்கவில்லை.

முசுட்டையைத்தான் இன்னும் கொண்டுவர முடியவில்லை. பற்றிப் படர வேலியும், நீண்ட காய்ச்சலும், பிறகு ஒரு பெருமழையும் அதற்கு வேண்டும். ஈரம் விடாத கொழும்புச் சாடியில் தண்டு அழுகுகிறது. அம்மா மொட்டை மாடியைச் சொல்கிறா. அங்கே நாள் முழுக்க வெயில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டம். குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் கேட்டோம். பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து, தூண்களுக்கு நேர் மேலே வைத்தால் பத்துப் பெரிய சாடி தாங்கும், நடுத்தட்டில் வேண்டாம் என்று எழுதித் தந்திருக்கிறார். அக்கரைப்பற்றுக்காரர் சட்டத்துக்குக் கயிறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பருத்தித்துறை அன்ரி முல்லைக் கொடி தருகிறார். லிங்கநகரில் எங்கள் காணியை இப்போது பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் முசுட்டை விதை கேட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முதல் கிடைத்துவிட வேண்டும்.